ரீச்சரடி

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகும் வீதியில், எங்கள் வீட்டருகே பஸ் நிற்கும் இடத்துக்கு ரீச்சரடி என்று பெயர். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பூவரசு மட்டும் நிற்கும்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது, ஊர்ப் பெயர்கள் எப்படி வந்தன என்று ஆராயும், கம்பஸில் படிக்கும் அக்கா ஒருத்தி வந்தாள். அன்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கடைக்காரர், பிள்ளைகளுக்குப் படிப்பித்த வெள்ளைக்கார ரீச்சர் ஒருத்தி அங்கே குடியிருந்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி மறுத்தாள். “அதில தேத்தண்ணிக்கடை இருந்தது. அது ரீக்கடையடி, பிள்ளை. சனத்தின்ர வாய்தான் ரீச்சரடியாக்கிப் போட்டுது.” அக்கா இரண்டையும் ஒரே மரியாதையோடு போனில் பதிந்துகொண்டாள்.

எங்கள் வீட்டுக் கதைதான் வெல்லவேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அண்ணன், எங்களோடு இருந்த பெரிய மாமா, சீனன்குடாவுக்குச் சீனன் வந்த கதையைக் கூட நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். அன்றைக்கோ அவர் கதிரையில் உட்காரவேயில்லை. கிணற்றடிக்கும் வாசற் படலைக்குமாக நடந்தார். கழுவிய சைக்கிளை மறுபடி கழுவினார்.

அம்மா முந்திக்கொண்டாள். “முந்தி அதில ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, தங்கச்சி.”

“இல்லையம்மா! இஞ்ச பள்ளிக்கூடமே இருக்கேல்லை எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்!” என்றேன். தொடையில் கிள்ளு விழுந்தது.

மாமா வாசற்படியில் வந்து நின்றார். “ஒரு ரீச்சர் அதில பஸ்ஸுக்கு நிக்கிறவ. கொண்டக்டர்மார் அப்பிடியே சொல்லிப் பழகிட்டாங்கள். வேறொண்டுமில்லை.”

“இப்ப அவ எங்க, அண்ணா?” என்று அக்கா கேட்டாள்.

“ஒருநாள் பஸ்ஸில போனவ.” சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராசா இல்லை, புதையல் இல்லை, இதுவும் ஒரு கதையா? பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், ரீச்சருக்கு எங்கே இடமாற்றம் கிடைத்தது என்று கேட்டேன்.

“தூர,” என்றாள், தலை நிமிராமல். “மாமாட்ட மட்டும் கேட்டிடாத.”

அப்படியானால் மாமாவுக்கும் ரீச்சருக்கும் சண்டை என்று நான் முடிவுகட்டினேன். அந்த ரீச்சரை மாமாவுக்கு நிச்சயம் செய்திருந்ததும், யுத்த காலத்தில் அவ ஏறிப்போன பஸ் போய்ச் சேரவேயில்லை என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தன. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை வருடமாக ஒரு மனுசன் கோபம் சாதிக்கிறார் என்பது மட்டும்தான். அந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும்போது, சைக்கிள் பாரில் இருந்தபடி சொல்லிவிட்டேன்.

“மாமா, கோபத்தை விடுங்கோ. அவவை வரச்சொல்லிக் கூப்பிடுங்கோ.”

சைக்கிள் சற்று ஆடி, பிறகு நேரானது.

“ஓம்,” என்றார் மாமா. “கூப்பிடுறன்.”

ஒரு பெரிய வழக்கைத் தீர்த்துவைத்த சந்தோசத்தில், பள்ளிக்கூடம் வரைக்கும் நான் மணியை அடித்துக்கொண்டே போனேன்.