சாவன் மாதத்துக் கீரை

எங்கள் வீட்டுக்கு வந்தால் வைதேஹி முதலில் சமையலறைக் குப்பைத் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பாள். அப்புறம்தான் காபி. தர்பூசணித் தோலைக் கூட்டு செய்யாமல் தூக்கிப் போட்டிருந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு பிரசங்கம் உண்டு. தில்லி மயூர் விஹாரில் எதிரெதிர் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். அவள் சொல்லி நான் கேட்டது பாதி, கேட்ட மாதிரி தலையாட்டியது பாதி.

லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு உணவைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். பக்கத்தில் விளைவதைச் சாப்பிடு, வாங்கியதில் ஒரு காம்பைக்கூட வீணாக்காதே. எழுதியதெல்லாம் இந்த இரண்டு விஷயம்தான். சொன்னதைத் தானும் செய்கிறவள் என்பதால் அவள் கணவர் ராஜகோபால் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தெற்கிலிருந்து ரயிலேறி வருகிற முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் அவள் வீட்டுக்குள் நுழையக் கூடாது. மனுஷர் வெங்காய சாம்பார் வாசனை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

பவுனுவை வைதேஹி கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறது. புதையல் கிடைத்த மாதிரி ஓடிவந்து என்னிடம் சொன்னாள். பவுனுவும் அவள் புருஷன் குழந்தைசாமியும் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு தில்லி வந்தவர்கள். வேலை குறைந்தபோது யமுனைக் கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, அங்கேயே குடிசை போட்டு, கீரை விதைத்திருந்தார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற நிலம். இதைவிடப் பக்கம் என்ன இருக்கிறது? வைதேஹியின் பேச்சைக் கேட்டு எங்கள் குடியிருப்பே பவுனுவின் கூடைக்குக் காத்திருக்க ஆரம்பித்தது. அவளைப் பற்றி வைதேஹி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினாள். அட்டையில் கூடையோடு பவுனு சிரித்தாள். கூடைக்குப் பின்னால் அவள் மகள் மேகலாவின் தலை மட்டும் தெரியும்.

அந்த நாற்றமடிக்கிற ஆற்றுத் தண்ணீரிலா விளைகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். மண் வடிகட்டிவிடும் என்று வைதேஹி அடித்துச் சொன்னாள். என்னைப் போல் இன்னும் நாலு பேர் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் எல்லார் வாயையும் அடைத்துவிட வேண்டும் என்று தானே ஒரு கட்டுக் கீரையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கீரையில் ஈயம் இருந்தது, அளவுக்கு மிஞ்சி.

அவள் ஒரு நாள்கூட மறைக்கவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். பத்திரிகையில் எழுதினாள். புத்தக விற்பனையை நிறுத்தச் சொன்னாள். எல்லாம் ஆங்கிலத்தில். இவ்வளவு நேர்மையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் கீழே ஹாலில் கூட்டம் போட்டு அவளுக்குச் சால்வை போர்த்தியது. வைதேஹி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். வாசலில் கூடையோடு நின்ற பவுனுவும் எட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். அம்மாவுக்கு இன்னொரு பரிசு என்று நினைத்திருப்பாள்.

ஆமாம், பவுனுவிடம் ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஏன் யாரும் வாங்குவதில்லை என்று அவள் கேட்டபோது, இது சாவன் மாதம், இந்த ஊர்க்காரர்கள் கீரை தொடமாட்டார்கள் என்று வைதேஹி சொல்லிவிட்டாள். நம் ஆடி, ஆவணியை ஒட்டி வருகிற அந்த மழை மாதத்தில் இங்கே அப்படி ஒரு வழக்கம் இருப்பது உண்மைதான். பொய்க்கு வசதியாகப் போயிற்று. கீரை போனால் நிலம் போகும், நிலம் போனால் குடிசையும் போகும். முதலில் பவுனுவுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு சொல்லலாம் என்று வைதேஹியின் கணக்கு. வேலை தேடிக் கால் தேய அலைந்தாள். அதுவரை கூடையிலிருந்து தன்னால் முடிந்த மட்டும் அவளே வாங்கினாள். வாங்கியதை உரக்குழியில்கூடப் போடாமல் குப்பை வண்டியில் கொட்டினாள். ஒரு காம்பை வீணாக்காதவள் கட்டுக் கட்டாகக் கொட்டுவதை என் வாசலில் நின்று பார்த்தேன்.

கடைசியில் ஒரு விடுதிச் சமையலறையில் இடம் கிடைத்தது. சந்தோஷமாகச் சொல்லலாம் என்று பவுனுவை வீட்டுக்கு வரச்சொன்னாள். தைரியத்துக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். வைதேஹி பேச்சை எடுப்பதற்குள் பவுனு முந்திக்கொண்டாள்.

"சாவன் எப்பம்மா முடியும்? நீங்க வாங்கினது போக அவ்ளோ கீரை மிஞ்சிப் போவுது. ஒரு காம்பகூட வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க? தூக்கிப்போட மனசு வரல. மூணு வேளையும் அதத்தான் ஆக்கறேன். மேகலா வேணாம் வேணாம்னு அழுவறா. புடிச்சி உக்கார வச்சி ஊட்டிவுடறேன்."

வைதேஹி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ஈயம், பரிசோதனை, பத்திரிகை, வாட்ஸ்அப். அழுதுகொண்டே சொன்னாள். பவுனு அழவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இதுக்குத்தாம்மா அன்னிக்கி உங்களுக்கு சால்வ போத்துனாங்களா? நானும் கைதட்டனேன்."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். விடுதி வேலைக்கு அவள் போகவில்லை. மேகலாவை மட்டும் வைதேஹி கெஞ்சிக் கூத்தாடி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். குழந்தையின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. இத்தனை வருஷமாகச் சாப்பிட்டது, இந்த ஒரு மாதத்தில் ஏறியது மட்டுமில்லை என்று டாக்டர் சமாதானம் சொன்னார். அது எப்படிச் சமாதானமாகும் என்று எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்பே குடிசையைப் பிரித்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை.

வைதேஹி இப்போது எழுதுவதில்லை, பேசக் கூப்பிட்டாலும் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு வருவாள், காபி குடிப்பாள். அவள் வருகிற நாளில் நான் தர்பூசணித் தோலைத் தொட்டியில் மேலாகப் போட்டு, மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை திட்டமாட்டாளா என்று. அவள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.