பாதி கருகிய ஸ்டிக்கர்

ஸ்டிக்கர் எரிந்தால் ஒரு நாற்றம் வரும். பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்து கருகும் நாற்றம். சில வருஷங்களுக்கு முன், நாட்றாம்பாளையத்தை அடுத்த மலைச்சரிவில் ஒரு அக்காவின் வீட்டு வாசலில் டீக்காகக் காத்திருந்தபோது அது என் மூக்கில் ஏறியது. எட்டிப் பார்த்தேன். எனக்காகப் பற்றவைத்த இரும்பு அடுப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் கீழ்ப்பாதி சுருண்டு கருகிக்கொண்டிருந்தது. புகை குறைக்கும் திட்டத்தில் அந்த அடுப்பைக் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அதில் முதல்முறையாகத் தீ ஏறுகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சுற்றுச்சூழல் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் உலை எண்ணெயில் எரிவது. அதை மின்சார உலையாக மாற்றுவதா, கார்பன் கிரெடிட் வாங்குவதா என்று நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கிரெடிட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. புது அடுப்பால் மலையில் விறகுப் புகை குறையும். அந்தக் குறைவை நாங்கள் விலைக்கு வாங்கி, எங்கள் புகையில் கழித்துக்கொள்வோம். அடுப்பு உண்மையிலேயே எரிகிறதா என்று பார்த்து எழுதத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

அக்கா எதையும் மறைக்கவில்லை. சுவரோரம் மூன்று கல் அடுப்பு கரியேறி இருந்தது, அதன் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. விருந்தாளிக்கு நல்ல பாத்திரத்தை எடுப்பதுபோல எனக்காகப் புது அடுப்பை இறக்கியிருந்தார். இருமிக்கொண்டே சொன்னார்: "களி கிண்ட ஒத்துவரல சார். பத்தவைக்கறதுக்கு முன்னாடியே பானைய வச்சு, அது அசையாம இருக்க கவைக்கோல் போட்டு அமுத்திப் பார்த்தேன். அப்படியே சாயுது. கீழ அகலமா, கனமா செஞ்சா நல்லாருக்கும். புகை இல்லேன்னா இந்த இருமலாச்சும் நிக்கும். நீங்க சொன்னா செய்வாங்க சார்."

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். களியைத் தின்னத் தெரியும், அவ்வளவுதான். சொல்கிறேன் அக்கா என்றேன். டீ நன்றாகவே இருந்தது. அவரை அடுப்போடு நிற்கவைத்துப் படமும் எடுத்தேன், ஸ்டிக்கர் தெரியாத பக்கமாக.

"என்னப்பா, எரியுதா இல்லையா? மீட்டிங் இருக்கு, சட்டுனு சொல்லு" என்றார் மேலாளர். எரிகிறது என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது, நான் பார்த்தபோது எரிந்தது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. படிவத்தில் 'தினமும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேனே, அதற்கு இந்தச் சமாளிப்புகூடக் கிடையாது. களியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அடுப்பைத் திருத்தியிருப்பார்கள். அதுவரை கிரெடிட் கிடைக்காமல் நின்றிருக்கும். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் தள்ளிப் போயிருக்கும். பயந்துவிட்டேன்.

கிரெடிட் வாங்கியதும் மின்சார உலைப் பேச்சு கூட்டத்தில் எழுவதே நின்றுபோனது. உலைப் பிரிவு ஃபோர்மேன், "நம்ம ஃபைல் என்ன சார் ஆச்சு?" என்று இரண்டொரு தடவை கேட்டார், பிறகு விட்டுவிட்டார். வரவேற்பறையில் அக்காவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். தினமும் அதன் கீழே வருகைப்பதிவுக்குக் கைரேகை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நிமிர்ந்து பார்ப்பதில்லை.

போன மாதம், கிரெடிட்டைப் புதுப்பிக்க மறுபடியும் என்னையே அனுப்பினார்கள். அக்கா என்னைக் கண்டதும் சிரித்தார். இருமல் முற்றியிருந்தது; இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். பரண்மேல் சாக்கில் சுற்றி வைத்திருந்த அடுப்பை இறக்கினார். அதில் துளி துரு இல்லை.

"சொன்னீங்களா சார்?" என்றார், சுள்ளியை ஒடித்தபடி.

டீயெல்லாம் வேண்டாம் என்றேன்.

"இருங்க சார். நீங்க வருவீங்கன்னுதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று தீக்குச்சியைக் கிழித்தார்.

என் மடியில் அதே படிவம், அதே கட்டம். கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றம் வந்தது. ஸ்டிக்கரின் மீதிப் பாதி எரிந்துகொண்டிருந்தது.