உப்பில்லாமல் போன கிரிவலம்

அடி அண்ணாமலை வந்ததும் கண் இருட்டியது. பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவே, கிரிவலப் பாதையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே நடையெல்லாம் வேணாம். கோயில்ல கும்புட்டுட்டு ஆட்டோவுல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் என் கணவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியவள் நான். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் டாக்டர் கீட்டோ உணவுமுறையை (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவது) தொடங்கிவைத்திருந்தார். மாத்திரையையும் அவரே குறைத்தார். சோறு, இட்லியை விட்டுவிட்டு முட்டை, தேங்காய், கீரைக்கு மாறினேன். கடலை விளையும் கீழ்பென்னாத்தூரில் பிறந்துவிட்டு வேர்க்கடலையை ஒரு பிடியோடு நிறுத்துவதெல்லாம் பெரிய தவம்.

மறுநாள் டாக்டர் என் சாப்பாட்டை ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"உப்பு எவ்ளோ சேக்குறீங்க?"

"சுத்தமா நிறுத்திட்டேன் டாக்டர். பத்தியம்னா உப்பு சேக்க மாட்டோம்ல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் பத்தியம்னு சொல்லவே இல்லையேம்மா! இந்தச் சாப்பாட்டுல உடம்பு உப்ப ஜாஸ்தியா வெளியே தள்ளும். நீங்க உள்ள வர்றதையும் அடைச்சிட்டீங்க."

எனக்கு ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இல்லாததால் உப்பைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். இதைப் படிக்கும் உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார். "வேகம் கம்மியாத்தான் இருக்கும். நிதானமா போனா ரொம்ப தூரம் தாங்கும்."

உப்புப் போட்ட முதல் ஆம்லெட்டில் எனக்குச் சொர்க்கமே தெரிந்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகினேன். டாக்டர் சம்மதித்த பிறகு ஒரு பௌர்ணமியன்று மறுபடி கிளம்பினேன். காவலுக்கு வந்த கணவர் வழியில் ஒரு அன்னதானப் பந்தலையும் விடவில்லை. பொங்கல், புளியோதரை, கேசரி, மறுபடியும் பொங்கல். நான் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அடி அண்ணாமலையில் அவர் குரல் பின்னாலிருந்து வந்தது.

"கொஞ்சம் நில்லும்மா. முடியல."

அன்று நான் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டோ கூப்பிடட்டுங்களா?" என்றேன். முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முன்பெல்லாம் அடுத்த பந்தல் எப்போது வரும் என்பதுதான் எனக்கு நேரக் கணக்கு. அன்று பசி நினைவுக்கே வரவில்லை. மலை மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது. என் உடம்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அதுவரை நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.