மீன்கொத்திக்குக் காப்புக் கட்டிய வருஷம்

மீன்கொத்தி வீரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவேன். அந்தக் கதைக்கு இரண்டு கையும் வேண்டும். அவனுக்கு இப்போது சினிமா வந்துவிட்டது, பனியன் வந்துவிட்டது, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலில்கூட அவன் தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருக்கிறான். ஆனாலும் சென்னையில் என் அறைத் தோழிகள் கேட்கும் கேள்வி மாறவில்லை. கண்ணைச் சுற்றி ஒரு கீற்றுத் துணியைக் கட்டிக்கொண்டால் ஊருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா? மூக்கு அதே மூக்கு. தாடை அதே தாடை. அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் மாலைக்கண்ணா?

இதற்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் அதைச் சொல்ல நான் எங்கள் ஊரான ஏரலுக்குப் போக வேண்டும். எனக்கு எட்டு வயது ஆக வேண்டும். உடம்பெல்லாம் அம்மை போட்டிருக்க வேண்டும்.

வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் என்னைப் படுக்கவைத்திருந்தார்கள். சொறியக் கூடாது, வெளியே போகக் கூடாது, ஒன்றும் கூடாது. அப்போதுதான் மாமா அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி அவர். கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் வேலை. கடுகும் சீரகமும் பொட்டலம் மடிக்க அங்கே பழைய தாளை எடைபோட்டு வாங்குவார்கள். அந்தக் கட்டுக்குள் கிடந்த காமிக்ஸ் ஒன்றை, அது கடுகுப் பொட்டலம் ஆவதற்குள் உருவி, இடுப்பில் செருகி எடுத்துவந்திருந்தார். மீன்கொத்தி வீரன் பிறந்த கதை. முதல் புத்தகம். இன்றைக்கு அதற்கு அடிபிடி நடக்கும்.

கதை இதுதான். தூரதேசத்தில் ஒரு துறைமுகப் பட்டணம். கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் ஒரு வேலையாள். கடை மாடியிலேயே படுக்கை, முதலாளியிடம் நாள் முழுக்க வசவு. ஒருநாள் மணிக்கூண்டுக் கடிகாரத்தைச் சரிசெய்ய உச்சிக்கு ஏறுகிறான். அங்கே இறகு ஒடிந்த மீன்கொத்தி ஒன்று கிடக்கிறது. அது இரை எடுக்கவில்லை. அது எடுக்கிறவரை தானும் எடுப்பதில்லை என்று அவனும் பட்டினியாகவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பறவை பிழைத்துப் பறக்கும்போது ஒரு நீல இறகை அவன் உள்ளங்கையில் போட்டுவிட்டுப் போகிறது. அன்றிலிருந்து எந்த உயரத்திலிருந்தும் பாய்வான், கடலில் முங்குகிறவர்களைத் தூக்கிவருவான். விடிந்ததும் மறுபடி கடை, மறுபடி வசவு.

கதையில் எனக்கு ஒரே ஒரு குறைதான் பட்டது. அந்த முதலாளி மகா மறதிக்காரர். வாசல் கதவுக்கு வரிசையாகப் பூட்டுப் போடுவார். வேலையாள் பறந்து போகிற மாடி ஜன்னலின் கொண்டியைப் போட மட்டும் மறந்துவிடுவார். ஒரு படத்தில் கையில் விளக்கோடு அந்த ஜன்னல் முன்னால் வந்து நிற்கவே நிற்பார். அப்போதும் மறந்துபோய் இறங்கிவிடுவார். கதை எழுதியவருக்கு வேறு வழி தெரியவில்லை என்று நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

அம்மை இறங்கி எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று அம்மா விஷயத்தைச் சொன்னாள். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்திருக்கிறாளாம். வருகிற தசராவுக்கு நான் வேஷம் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, கையில் காப்புக் கட்டி, ராஜா, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரன் என்று ஒரு வேஷம் போட்டு, மேளத்தோடு கூட்டமாகத் தெருத்தெருவாகப் போய்க் காணிக்கை கேட்டு வாங்கி, அதைக் குலசைக் கோயிலில் சேர்ப்பார்கள். என்ன வேஷம் வேண்டும் என்று அம்மா கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை.

அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, மூச்சே நின்றுவிட்டது. “விரத வீட்டுல மீன் பேரையா சொல்லிட்டு அலைவா? குட்டி ராசாத்தி வேஷம் கட்டுனா என்ன கொறஞ்சா போவும்?”

தீர்ப்புச் சொல்ல மாமாவைக் கூப்பிட்டார்கள். வேஷ விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர்தான் கடைசி வார்த்தை. வருஷாவருஷம் காளி வேஷம் கட்டுகிறவர் அல்லவா. மாமா புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து, படம் படமாகப் பைய வாசித்தார். மணிக்கூண்டுப் பக்கத்தில் விரல் நின்றது.

“இங்கன பாருக்கா,” என்றார் அம்மாவிடம். “பறவ எர எடுக்கல, இவனும் பச்சத்தண்ணி குடிக்கல. வெரதம் இருந்துதான் உடுப்ப மாட்டுதான். நம்ம பயதான் இவன்.”

“அப்ப மீனு?” என்றாள் அத்தை.

“மீனக் கொத்துதது பறவ, மதினி. நம்ம பிள்ள கொத்தலயே.”

இப்படியாக, உலகப் புகழ்பெற்ற ஒரு வீரன் குலசை அம்மனுக்குக் காப்புக் கட்ட அனுமதி பெற்றான். அம்மாவின் நீல உள்பாவாடை அவனுக்கு இறக்கையாயிற்று. அட்டையில் அலகு. கண்ணைச் சுற்றி, இரண்டு ஓட்டை போட்ட துணி.

மாமாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த ஆள். சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. கடை முதலாளி அண்ணாச்சிக்கோ சத்தமில்லாமல் பேசவே வராது. உளுந்தை மாற்றி நிறுத்தால் வசவு, சரியாக நிறுத்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று வசவு. ஒருமுறை பெரிய எடைக்கல் ஒன்று மாமாவின் வலது கால் பெருவிரலில் விழுந்துவிட்டது. அண்ணாச்சிதான் தன் துண்டைக் கிழித்துக் கட்டி, தன் சைக்கிளிலேயே உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார். வழியெல்லாம் ஏசிக்கொண்டே போனாராம். அந்த விரலில் அப்புறம் நகம் முளைக்கவே இல்லை.

ஒருநாள் நான் புளி வாங்கப் போயிருந்தேன். கடை நிறைய ஆள். “வேலையத்த மூதி, கண்ண எங்கன வச்சிருக்க?” என்று அண்ணாச்சி கத்திக்கொண்டிருந்தார். மாமா தலையை நிமிர்த்தினார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை அண்ணாச்சி என் மாமாவுக்கு முன்னால் நடுங்கி நிற்க வேண்டும், தான் யாரை ஏசுகிறோம் என்று தெரிந்து கூச வேண்டும். அந்தத் தசராவில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

காளி வேஷம் கட்டினால் மாமா மாமாவே இல்லை. சிவப்புச் சேலை, இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை, முதுகில் மரக்கைகள், தொங்கும் நாக்கு, கோரைப்பல். தலையில் ஏற்றும் கிரீடத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள். கிரீடம் ஏறிவிட்டால் அவரைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. அம்மாகூடத் தன் தம்பியை ‘தாயே’ என்றுதான் சொன்னாள். இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முகமூடி மாட்டியவனின் பேரைச் சொல்லக் கூடாது என்பது மீன்கொத்தி வீரனின் ஊரிலும் சட்டம்தானே.

தெருவில் இறங்கினோம். காளிக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். எனக்குத்தான் சிரமம்.

“ஏட்டி, நீ என்ன வேசம்? கிளியா?”

“மீன்கொத்தி வீரன்.”

“மீன் விக்கவளா? அப்ப மீன் கூடை எங்க?”

நான் மூன்று தெருவுக்கு விளக்கம் சொன்னேன். மணிக்கூண்டு, இறகு, துறைமுகம் எல்லாம். நாலாவது தெருவில் தொண்டை கட்டிவிட்டது. “ஆமா, கிளிதான்” என்று சொல்லித் தட்டை நீட்டினேன். காணிக்கை என்னமோ ஒரே மாதிரிதான் விழுந்தது.

அப்புறம் கூட்டம் அண்ணாச்சியின் தெருவுக்குள் திரும்பியது. என் நெஞ்சு மேளத்தை முந்தியது. இதுதான் நேரம். எட்டுக் கை, கையில் சூலம், எதிரே வில்லன். காளி ஒரு அதட்டு அதட்டினால் போதும்.

அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். கையில் மஞ்சள் தண்ணீர்க் குடம். சட்டை இல்லை, துண்டு இடுப்பில். நான் பார்த்தே இராத ஒரு முகத்தோடு இருந்தார். காளி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து அந்தக் கால்களில் தண்ணீரை ஊற்றினார். நகமில்லாத அந்தப் பெருவிரலை, ஓரத்தில் ஒட்டியிருந்த மண் போகும்வரை, கட்டைவிரலால் பையப் பையத் தேய்த்துக் கழுவினார். நான் துணி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்! தான் கட்டுப்போட்ட விரல் கைக்குள் இருக்கிறது, இன்னும் ஆளைத் தெரியவில்லை!

“தாயே,” என்றார் அண்ணாச்சி. குரல் ஒடிந்திருந்தது. “தசரா முடிஞ்ச மறுநாளு அவளுக்கு ஆப்ரேசன். பாளையங்கோட்டைல. பொழைக்கதும் பொழைக்காததும் உன் கையில இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. அவ போய்ட்டா எனக்கு நாதி கெடையாது தாயே.”

வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தார். கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு துண்டு வெல்லம் தருகிறவர். மெலிந்து பாதியாகியிருந்தார்.

அதட்டப்போகிறார், அதட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். காளி சூலத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தாள். குனிய முடியாத அந்தக் கிரீடத்தோடு எப்படியோ குனிந்தாள். அண்ணாச்சியின் நெற்றியில் திருநீறு பூசி, தலையில் கையை வைத்தாள். “அழாத. அன்னைக்கு நான் கூட இருப்பேன். போ,” என்றாள். அண்ணாச்சி அந்தக் கால்களில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. கிரீடம் இறங்கி, சாயம் கழுவி, மாமா மாமாவாகி இட்லி சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். “நாந்தாம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா மாமா? நடுங்கிருப்பாரே!”

“நான் எங்கட்டி இருந்தேன் அங்கன? அவல்லா இருந்தா,” என்றார் மாமா, சட்னியைத் தொட்டுக்கொண்டே.

குலசைக் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்தது. மறுநாள் காப்பை அறுத்த கையோடு மாமா வீட்டுக்கு வரவில்லை, நேரே பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் அம்மா தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சில் அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளித் தரையில் மாமா. காது மடலில் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, தண்ணீர் கேட்டாராம் அண்ணாச்சியின் மனைவி. அம்மா அங்கேயே கும்பிட்டாள்.

அண்ணாச்சிக்குச் சத்தம் திரும்பியிருந்தது. “கடையப் போட்டுட்டு இங்கன என்னலே வேல ஒனக்கு? வேலையத்த மூதி!” என்றார். பிறகு தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, காலாலேயே மாமாவின் பக்கம் தள்ளினார். “இதப் போடு மொதல்ல. ஊரூரா வெறுங்கால்ல ஆடிட்டு வந்திருக்க. அந்த வெரல்ல சீழு கீழு வச்சிச்சின்னா மூட்டைய யாருலே தூக்குவா?”

“சரி அண்ணாச்சி,” என்றார் மாமா. செருப்பைப் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் சிவப்புக் காதில் வாயை வைத்து, “இன்னமும் தெரியல மாமா அவருக்கு!” என்றேன்.

மாமா அண்ணாச்சியை ஒருமுறை பார்த்தார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்லிராத, என்ன?” என்றார் மாமா.

நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அந்த ரகசியத்தை உயிரைப்போலக் காப்பாற்றினேன். அடுத்த தசராவிலும் அண்ணாச்சி அதே விரலைக் கழுவினார், மறுவாரம் அதே வாயால் ஏசினார். இரண்டு முறையும் நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

அந்தப் புத்தகம் என்னிடம் இன்னும் இருக்கிறது. விரித்தால் லேசாக வேப்பிலை வாசம்கூட உண்டு, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. தோழிகள் கேள்வி கேட்கும்போது முகமூடிப் பக்கத்தை நான் காட்டுவதில்லை. மாடி ஜன்னல் பக்கத்தைக் காட்டுகிறேன். கையில் விளக்கு. எதிரே போடாத கொண்டி. வெளியே நல்ல குளிர், படத்தில் பனி பெய்கிறது. முதலாளி ரொம்ப நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போகிறார்.

அவருக்கு மறதி என்று எட்டு வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன்.