கழற்றச் சொன்னது நான்தான்

அறுபத்தெட்டாம் வருஷமோ அறுபத்தொன்பதோ, என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியில் கல் குவாரிக்கு ஜீப் ஓட்டினார். வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க, வெல்டர் பாஷாவிடம் சொல்லி இரும்புக் குழாய்களை வளைத்து, ஜீப்பின் மேல் ஒரு கூடு பொருத்தினார். எனக்கு அது பாடை கட்டினது போலவே தெரிந்தது.

அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது பாஷாவைக் கூப்பிட்டேன். "கழட்டிடுங்க பாய், அவருதான் சொன்னாரு" என்றேன். இவர் தேறி எழுந்து கூடு எங்கே என்று கேட்டதற்கு, "ஒட்டு சரியில்லன்னு பாயே எடுத்துட்டுப் போனாரு" என்றேன்.

இரண்டாம் நாள் ஜீப் மலைச்சரிவில் உருண்டது. இவருடைய வலது கை நசுங்கியது. அதன்பின் அவரால் ஸ்டியரிங் பிடிக்கவே முடியவில்லை.

பாஷா பார்க்க வந்தார். இவர் கத்தினார்: "எதுக்குய்யா கழட்டின? அது இருந்திருந்தா என் கை போயிருக்குமா?"

பாஷா திகைத்துப்போய், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் தப்புதான்ணே" என்றார் பாஷா, மெதுவாக.

இன்று இருவருமே இல்லை. நான் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் சொன்னபோது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.