மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது

பொய் சொல்லக் கூடாது என்று என் மகளைக் கண்டிக்கும்போதெல்லாம், சரியாகத்தான் வளர்க்கிறேனா என்ற சந்தேகத்தோடு மாமாவின் ஞாபகமும் வந்துவிடுகிறது.

அம்மாவின் அண்ணன் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். கொடைக்கானல் பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன புகைபிடிக்கும் பைப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். ஒரு நாளும் புகைத்ததில்லை. "ஏன் மச்சான், பத்தவைக்காத பைப்புக்கு இம்புட்டுப் பெரிய பீரோவா?" என்று அப்பா கேலி செய்வார்.

பழைய பைப்பில் வாயில் வைக்கும் தண்டுதான் முதலில் உடையுமாம். வேறு தண்டை மாட்டி அசல் என்று விற்றுவிடுவார்கள். மாமாவிடம் அது நடக்காது. பழைய தண்டு பச்சையோடி மங்கியிருக்கும். புதியது கன்னங்கரேலென்று மின்னும். புகையிலை அடைக்கும் கிண்ணமும் தண்டும் சேருமிடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். நகம் தட்டினால், "தண்டு மாத்துனது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இப்படிச் சொல்வதாலேயே, பைப் சேர்க்கும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் வரும் ஒரு சார் மட்டும்தான் மிச்சம். ஞாயிறு விடிந்ததுமே மாமா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவார். மற்ற நாட்களில் அவர் யாரோடும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு அந்த சார் துணியில் சுற்றி ஒரு பைப் கொண்டுவந்தார். "உங்களுக்குன்னே வாங்குனேன். இதுலயும் நொட்டை சொன்னீங்க, இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று சிரித்தார். சிரித்த முகம் அப்படியே மாமாவைப் பார்த்தபடி நின்றது.

தண்டு கன்னங்கரேலென்றிருந்தது. மாமா நகத்தை ஓட்டினார். டக்கென்று தட்டியது எனக்கே கேட்டது. மறுபடியும் மெதுவாக ஓட்டினார்.

"அசல் சார். சுத்தமான அசல்."

அவர் போனதும், "நகம் தட்டுச்சே மாமா?" என்றேன்.

"இல்ல ஆத்தா, தட்டல."

அவ்வளவு கறுப்புத் தண்டுகூடத் தெரியவில்லை, மாமாவுக்குக் கண் போய்விட்டது என்று கீழே ஓடிப்போய் அழுதேன். அப்பா மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனார்; நானும் போனேன். மாமா ஒன்றும் மறுக்கவில்லை. சுவரிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். "சின்னப்பிள்ளைக் கண்ணு மாதிரி இருக்கு" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் மாமா, ஞாயிற்றுக்கிழமை அந்த சாருக்கு வைக்க வேண்டும் என்று முறுக்கு வாங்கினார். அவ்வளவு நல்ல கண்ணுக்கு அந்தத் தண்டு எப்படித் தப்பியது என்று யோசித்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.