வாத்து இறகு ஜாக்கெட்

தொண்ணூறுகளில், மலையேறுபவர்களுக்குச் சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கும் கிளப் ஒன்று டாக்குரியாவில் இருந்தது. அங்கே ஜாக்கெட் எடுத்துக் கொடுத்த அம்மாள், வங்காளி வழக்கப்படி, எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா. நரைத்த தலை, கசங்கிய பருத்திப் புடவை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு ஜாக்கெட்டையும் மார்போடு இறுக்கிக் காற்றைப் பிதுக்கிவிட்டு மேஜைமேல் போடுவார். அது மெல்ல உப்பி எழும்வரை பேசமாட்டார். சாந்தக்பூ மலைக்குக் கிளம்புமுன் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம்.

“சாந்தக்பூ குளிருக்கு இதுதான் சரி,” என்றார் ஹிந்தியில்.

“உள்ளே என்ன இருக்கிறது?” என்றேன், அதைத் தடவிப் பார்த்தபடி.

“வாத்து இறகு.”

கையை எடுத்துக்கொண்டேன். “நாங்கள் சுத்த சைவம், தீதி. என் குளிருக்காக ஓர் உயிரைக் கொல்வதா?” நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படிதான் சொன்னேன்.

தீதி செயற்கைப் பஞ்சு அடைத்த கனமான ஜாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு என் மனைவியின் முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். நாங்கள் கோவிலிலிருந்து நேராக வந்திருந்தோம்.

“காஞ்சிபுரம் பட்டா? எவ்வளவு மிருது.”

“கல்யாணப் புடவை,” என்றாள் மனைவி பெருமையாக.

எனக்குக் காது சுட்டது. புழுவைக் கூட்டோடு வேகவைத்து எடுக்கிற நூல்தான் எங்கள் வீட்டில் பூஜைக்கு மடி. அதை உயிர்க் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை.

டாக்சியில் மனைவி, “தீதிக்கு என் புடவை ரொம்பப் பிடிச்சுடுத்து, பார்த்தேளா?” என்றாள்.

தீதி தொட்டுப் பார்த்தது அவ்வளவுக்குத்தானா? அவ்வளவாகவே இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.